பீப்பாய்க் கணக்கும் திமிங்கிலத்தின் பக்கமும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "வரலாறு பற்றிப் பேசக் கூப்பிட்டால் வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்கிறீர்களே?" நியாயமான கேள்விதான். 19ஆம் நூற்றாண்டின் திமிங்கில வேட்டையைப் பற்றி நூல்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் தொழில் எங்கே நடந்தது, எப்படி நடந்தது, எவ்வளவு சம்பாதித்தது என்பதையெல்லாம் அவை எனக்குச் சொல்லித் தந்தன. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த நூலிலும் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. கடவுளுக்கு அஞ்சியவர்கள், அண்டை அயலாரிடம் அன்பாக இருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக இந்தக் கொலைத் தொழிலை எப்படிச் செய்தார்கள்? அந்தத் தொழிலையே ஆட்டமாக்கிய ஒரு வீடியோ கேமை ஆடியபோது அதற்கு விடை கிடைத்தது. அந்த விடையையும், அதே ஆட்டம் என் கண்ணிலிருந்து மறைத்த ஒன்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'நான்டக்கெட்'. இத்தாலியைச் சேர்ந்த பிக்காரெஸ்க் ஸ்டூடியோ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய இது 2018 ஜனவரியில் வெளியானது. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலின் கதை முடிந்த பிறகு இந்த ஆட்டத்தின் கதை ஆரம்பிக்கிறது. நாவலின் இறுதியில் வெள்ளைத் திமிங்கிலம் பெக்வாட் என்ற கப்பலை மூழ்கடித்துவிடுகிறது. இஷ்மயேல் என்ற மாலுமி ஒருவன்தான் பிழைக்கிறான். ஆட்டத்தில் நாம்தான் அந்த இஷ்மயேல். சில ஆண்டுகளுக்குப் பிறகு, சொந்தமாக ஒரு கப்பலுக்குத் தலைவனாகி, அந்த வெள்ளைத் திமிங்கிலத்தை மறுபடி தேட வேண்டும்.

தேடிப் போக முதலில் காசு வேண்டும், பெயரும் வேண்டும். ஆகவே மதுக்கடைக்குப் போய் ஆள் பிடிக்கிறோம். வேட்டைக்காரர், மாலுமி, கைவினைஞர், அறிவியலாளர் என்று வகை வகையாக ஆட்கள் உண்டு. உணவு, தண்ணீர், சாராயம், மரம் எல்லாம் ஏற்றிக்கொள்கிறோம். பழைய கடற்படம் போலத் தீட்டிய உலக வரைபடத்தில் வழியைக் குறித்துப் பாய் விரிக்கிறோம். நடுக்கடலில் தண்ணீர் குறையும். யாராவது நோயில் படுப்பார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் சண்டை வரும். யார் பக்கம் நிற்பது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். திமிங்கிலம் தென்பட்டதும் படகுகளை இறக்குவோம். வேட்டை பகடையில் நடக்கும். உருட்டியதில் என்ன விழுந்ததோ அதைக் கொண்டு தாக்கலாம், தற்காக்கலாம், காயம்பட்டவனைத் தேற்றலாம். பின்னணியில் மாலுமிப் பாடல்கள் ஒலிக்கும். கொன்றதைத் துறைமுகத்தில் விற்றுக் கிடைக்கும் பணத்தில் இன்னும் பெரிய கப்பல் வாங்கலாம்.

இந்த ஆட்டத்தின் மையம் ஒரு முடிவில் இருக்கிறது. அது திரும்பத் திரும்ப நம்மிடம் வந்து நிற்கிறது. சரக்கறையில் பாதி இடம் காலி. தண்ணீர் இன்னும் சில நாளைக்குத்தான் வரும். இரண்டு பேர் காயத்தோடு படுத்திருக்கிறார்கள். இப்போதே துறைமுகத்துக்குத் திரும்பினால் செலவு கட்டாது. இன்னொரு திமிங்கிலம் கிடைத்தால் கட்டும். திரும்புவதா, இன்னும் கொஞ்சம் போவதா? நூலில் இதைப் படிக்கும்போது கேப்டனின் பேராசை என்று ஒரு சொல்லில் தீர்ப்பெழுதிவிடுவோம். ஆடும்போது அப்படி முடியவில்லை. அந்தக் கணக்கை நாமே போடுகிறோம். நாமே "இன்னும் கொஞ்சம்" என்கிறோம். அதைச் சொல்லும் கணத்தில் நம் மனத்தில் வெறுப்பில்லை, கொடூரமில்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. எதிரே வருவது ஓர் உயிர் என்பதை மறக்க யாரும் நம்மைத் தூண்ட வேண்டியதில்லை. சரக்கறையின் காலி இடம் அதைச் செய்துவிடுகிறது.

இதுதான் எனக்குக் கிடைத்த விடை. இந்தத் தொழிலின் கொடுமை ஈட்டி எறிந்த கையில் தொடங்கவில்லை. அது கணக்கேட்டில் தொடங்கியது. கணக்கேட்டுக்குள் நம்மை உட்கார வைப்பதில் ஆட்டத்துக்கு ஈடான வடிவம் வேறில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நான்டக்கெட் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய மணல் தீவு. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்தவர்கள் 'ஸ்பெர்ம்' எனப்படும் எண்ணெய்த் திமிங்கிலத்தைத் தேடி ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி, தென் அமெரிக்காவின் கோடிமுனையைச் சுற்றி, பசிபிக் முழுவதும் போனார்கள். ஒரு பயணம் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு நீளும். தீவின் பெரும் குடும்பங்கள் பல குவேக்கர் சமயத்தவை. மனிதருக்கு எதிராக ஆயுதம் எடுப்பது பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1841இல் தம் முதல் பெரும் பேச்சை நிகழ்த்தியது அந்தத் தீவில் கூடிய அடிமை ஒழிப்பு மாநாட்டில்தான். மனிதனின் துயருக்கு இவ்வளவு கூர்மையாகச் செவிகொடுத்த ஊர், அதே காலத்தில் உலகின் பெருங்கடல்களில் இரத்தம் பாயவும் காரணமாக இருந்தது.

எதற்காக? வெளிச்சத்துக்காகவும் இயந்திரங்களுக்காகவும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் பெரிய தலைக்குள் ஒரு மெழுகெண்ணெய் இருக்கிறது. பெரிய ஆண் திமிங்கிலத்தின் தலையிலிருந்து ஏறத்தாழ 1,900 லிட்டர் வரைகூட வாளியால் மொண்டெடுத்திருக்கிறார்கள். அதில் செய்த மெழுகுவர்த்தி புகையில்லாமல், நாற்றமில்லாமல் எரிந்தது. உடல் கொழுப்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் கலங்கரை விளக்குகளில் எரிந்தது; நெசவாலைகளின் கதிர்களுக்கு மசகாக ஓடியது. வேறு சில இனத் திமிங்கிலங்களின் வாயிலுள்ள சீப்பு போன்ற தகடுகள் பெண்களின் இடைக்கச்சைகளுக்கும் குடைக்கம்பிகளுக்கும் போயின. தொழிற்புரட்சியின் ஆலைகள் தடையின்றிச் சுழன்றதில் கடலடி உயிர் ஒன்றின் கொழுப்புக்கும் பங்குண்டு.

தொழில் வளர வளரக் கப்பல்கள் பெரிதாயின. நான்டக்கெட் துறைமுக வாயிலில் ஒரு மணல்திட்டு இருந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வரத் திணறின. 1846இல் பெருந்தீ ஊரின் வணிகப் பகுதியைச் சாம்பலாக்கியது. அதற்குள் எதிர்க்கரையிலிருந்த நியூ பெட்ஃபோர்டு முந்திவிட்டது. ஆழமான துறைமுகமும் ரயில் பாதையும் அதற்கு வாய்த்திருந்தன. 1857இல் அந்த ஒரே ஊரிலிருந்து 329 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இயங்கின.

ஆட்டம் பகடையில் முடித்துவிடும் காரியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். படகு 9 மீட்டர் நீளம் இருக்கும். அதில் ஆறு பேர். முன்னணியத்தில் ஈட்டிக்காரன், பின்னால் சுக்கான் பிடிக்கும் மேட் (கப்பலின் துணை அதிகாரி), நடுவில் துடுப்பு வலிக்கும் மற்றவர்கள். திமிங்கிலத்தின் உடலோடு படகு உரசும் தூரம் வரை போக வேண்டும். ஈட்டி திமிங்கிலத்தைக் கொல்வதில்லை. கயிற்றால் படகோடு பிணைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வலியில் திமிங்கிலம் ஓடும். படகும் பின்னால் பறக்கும். படகில் நட்ட கட்டையைச் சுற்றி ஓடும் கயிற்றின் உராய்வில் கட்டை புகையும். அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கயிற்றில் கால் சிக்கினால் ஆளையும் அது கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஈட்டி பாய்ந்ததுமே ஈட்டிக்காரனும் மேட்டும் இடம் மாறிவிடுவார்கள். திமிங்கிலம் ஓய்ந்ததும் மேட் நீண்ட வேலால் நுரையீரலைத் தேடிக் குத்துவான். மூச்சுத்துளையிலிருந்து நீராவிக்குப் பதில் இரத்தம் பீறிடும். அதன் பிறகு அந்த உயிர் வட்டமிட்டுச் சுற்றித் துடித்து அடங்கும்.

வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். உடலைக் கப்பலுக்கு இழுத்து வந்து, பக்கவாட்டில் கட்டி, கொழுப்பைப் பட்டை பட்டையாக உரிப்பார்கள். மேல்தளத்தில் செங்கல் அடுப்பு. அதில் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். மரக்கப்பலின் நடுவே அந்த அடுப்பு இரவும் பகலும் எரியும். கொழுப்பை உருக்கிய பின் எஞ்சும் சக்கையையே அடுப்புக்கு எரிபொருளாகப் போடுவார்கள். திமிங்கிலம் தன்னைக் காய்ச்சும் தீயையும் தானே தந்தது. கரும்புகையும் கொழுப்பின் நாற்றமும் துணியில், தலைமுடியில், உணவில் எல்லாம் ஏறிவிடும். வீடியோ கேமில் நாற்றம் கிடையாது. ஒரு திமிங்கிலத்தை வெட்டி, காய்ச்சி, பீப்பாயில் ஊற்றி, தளத்தைக் கழுவி முடிக்கும் அந்த நீண்ட உழைப்பும் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தியதும் சரக்கு ஏறிவிடுகிறது.

இந்த உழைப்புக்குக் கூலி எப்படி? மாதச் சம்பளம் இல்லை, பங்குமுறைதான். நம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளில் பிடிபட்டதை விற்றுப் பங்கு பிரிப்பதைப் போன்ற ஏற்பாடு. ஆனால் இங்கே கணக்கு முடிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மெல்வில் 1841 ஜனவரியில் அகுஷ்நெட் என்ற கப்பலில் ஏறியபோது அவருக்குப் பேசிய பங்கு 175இல் ஒன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பல் 2,000 பீப்பாய் எண்ணெயோடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்க்கு 31.5 கேலன் வீதம் 63,000 கேலன். அதில் 175இல் ஒன்று 360 கேலன். கேலன் ஒரு டாலருக்கு விற்றால் 360 டாலர். நான்கு ஆண்டு உழைப்புக்கு அதுதான் மொத்தம். அதிலிருந்து கப்பல் கடையில் வாங்கிய சட்டைக்கும் புகையிலைக்கும் முன்பணத்துக்கும் கழிப்பார்கள். கடனாளியாகவே கரை இறங்கியவர்களும் உண்டு. கேப்டனுக்கு 16இல் ஒன்று போலக் கிடைக்கும். பெரும்பகுதி கப்பல் முதலாளிகளுக்கு.

இந்தக் கூலிமுறையின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கப்பலில் உள்ள கடைசி ஆள் வரைக்கும் அடுத்த திமிங்கிலம் தன் சொந்த வரவாகத் தெரிகிறது. "இன்னும் கொஞ்சம்" என்று கேப்டன் கட்டளை இட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஒவ்வொருவனும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஆட்டத்தில் என்னை இழுத்ததும் இதே விசைதான்.

அந்தக் கப்பல்களில் யார் யார் இருந்தார்கள்? நியூ இங்கிலாந்து இளைஞர்கள், வாம்பனோவாக் பூர்வகுடியினர், கருப்பின மக்கள், அசோர்ஸ் தீவினர், கேப் வெர்டே தீவினர், பசிபிக் தீவினர். 1822இல் ஆப்சலம் பாஸ்டன் என்ற கருப்பினக் கேப்டன், முழுக்கக் கருப்பின மாலுமிகளையே கொண்டு நான்டக்கெட்டிலிருந்து 'இண்டஸ்ட்ரி' என்ற கப்பலைச் செலுத்தினார். 1848இல் நியூ பெட்ஃபோர்டில் லூயிஸ் டெம்பிள் என்ற கருப்பினக் கொல்லர், உடலுக்குள் சென்றதும் முனை திரும்பிப் பிடித்துக்கொள்ளும் ஈட்டியை வடிவமைத்தார். தொழில் முழுவதும் அதற்கு மாறியது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அதே நியூ பெட்ஃபோர்டுக்கு 1838இல் வந்த டக்ளஸ், தாம் கற்றிருந்த கப்பல் விரிசல் அடைக்கும் வேலையைக் கேட்டபோது, வெள்ளைத் தொழிலாளர்களின் எதிர்ப்பால் அது மறுக்கப்பட்டு, கூலி வேலைகளைச் செய்து பிழைத்தார். கடல் எல்லோருக்கும் ஓரளவு இடம் கொடுத்தது. ஆனால் ஒரே அளவில் கொடுக்கவில்லை.

இதற்குச் சாட்சியாக எசெக்ஸ் கப்பலின் கதை இருக்கிறது. 1820 நவம்பர் 20 அன்று, பசிபிக்கின் நடுவே, ஒரு பெரிய ஆண் எண்ணெய்த் திமிங்கிலம் எசெக்ஸை இரண்டு முறை மோதி மூழ்கடித்தது. இருபது பேர் மூன்று சிறு படகுகளில் ஏறினார்கள். காற்றின் போக்கில் மேற்கே போனால் தீவுகள் இருந்தன. அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்ற அச்சத்தில், கேப்டன் ஜார்ஜ் பொலார்டும் துணைவர்களும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்த தென் அமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். பசியால் மடிந்தவர்களின் உடலை மற்றவர்கள் உண்ண நேர்ந்தது. ஒரு படகில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பொலார்டின் உறவினனான ஓவன் காஃபின் என்ற இளைஞனைச் சுட்டார்கள். எதற்கு அஞ்சி ஓடினார்களோ, அதையே அவர்கள் செய்ய வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் கருப்பின மாலுமி ஒருவர்கூட இல்லை. முதல் மேட் ஓவன் சேஸ் 1821இல் எழுதிய விவரணம்தான் பிற்பாடு மெல்விலின் கையில் நாவலுக்கு வித்தானது.

வீடியோ கேமில் நம் ஆள் ஒருவன் இறந்தால், மதுக்கடையில் இன்னொருவனைச் சேர்த்துக்கொள்கிறோம். அது ஆட்டத்தின் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. முதலாளிகளின் கணக்கேட்டில் மாலுமியின் மரணம் எப்படித் தெரிந்ததோ, அதை அந்த விதி அப்படியே காட்டுகிறது. நாம் அதைக் காட்சியாகப் பார்க்கிறோமா, விதியாகப் புரிந்துகொள்கிறோமா என்பதுதான் முக்கியம்.

இப்போது ஆட்டம் மறைத்த பகுதிக்கு வருகிறேன். ஆட்டத்தின் திமிங்கிலத்துக்கு இத்தனை உயிர்ப்புள்ளி, இத்தனை தாக்கும் திறன் என்று எண்கள் உண்டு. சில திமிங்கிலங்கள் கடுமையானவை, சில எளியவை. ஆனால் எந்தத் திமிங்கிலமும் முந்தைய வேட்டையிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. இறந்தவற்றைப் பற்றி மற்றவற்றுக்குத் தெரியாது. உண்மைக் கடலில் அப்படி இருக்கவில்லை.

அது நமக்கு எப்படித் தெரியும்? வேட்டைக்காரர்களே எழுதி வைத்த கப்பல் நாட்குறிப்பேடுகளின் மூலம் தெரியும். ஒவ்வொரு நாளும் கப்பல் எங்கே இருந்தது, காற்று எப்படி, திமிங்கிலம் தென்பட்டதா, பிடிபட்டதா என்று எழுதினார்கள். கொன்ற திமிங்கிலத்துக்கு முழு உருவ முத்திரை குத்தி, எத்தனை பீப்பாய் தேறியது என்று அதன் வயிற்றிலேயே எண்ணைக் குறித்தார்கள். தப்பியதற்கு வால் மட்டும் உள்ள முத்திரை. 1935இல் சார்ல்ஸ் டவுன்சென்ட் என்ற விலங்கியலாளர் இந்தக் குறிப்பேடுகளைத் திரட்டி, 50,000க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் பிடிபட்ட இடங்களை உலகப்படத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார்.

2021இல் ஹால் வைட்ஹெட், டிம் ஸ்மித், லூக் ரெண்டல் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், கணினியில் ஏற்றப்பட்ட இத்தகைய குறிப்பேடுகளைக் கொண்டு வட பசிபிக்கை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியில் வேட்டை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, கண்ணில் பட்ட திமிங்கிலங்களை ஈட்டியால் எட்டும் விகிதம் 58 விழுக்காடு சரிந்திருந்தது. அவ்வளவு விரைவான சரிவுக்குத் திமிங்கிலங்களின் எண்ணிக்கை குறைந்தது காரணமாக இருக்க முடியாது. முதலில் வந்தவர்கள் திறமைசாலிகள், பின்னால் வந்தவர்கள் கற்றுக்குட்டிகள் என்பதும் பொருந்தவில்லை. திமிங்கிலங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கம் என்று அவர்கள் வாதிட்டார்கள்.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் பழைய எதிரி, கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்கா. ஓர்க்காக்கள் வந்தால், பெண் திமிங்கிலங்கள் குட்டிகளை நடுவே வைத்து, வட்டமாகக் கூடி நிற்கும். படகில் ஈட்டியோடு வருபவனுக்கு அந்த வட்டத்தைவிட வசதியான இலக்கு வேறு கிடைக்காது. அந்தப் பழைய தற்காப்பைக் கைவிட்டு, காற்றுக்கு எதிர்த்திசையில் விலகி ஓடுவதைத் திமிங்கிலங்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். காற்றை நம்பி ஓடும் கப்பலால் காற்றுக்கு எதிரே நேராக வர முடியாதல்லவா? தாய்வழிக் குடும்பங்களாக வாழ்ந்து, ஒலியால் பேசிக்கொண்டு, தாய் ஆழத்தில் இரை தேடும்போது மற்றப் பெண்கள் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் உயிர்களுக்கு இப்படிக் கற்பதும் கற்பிப்பதும் அரிதான செயல் அல்ல.

அந்த வைட்ஹெட்டுக்கும் நம் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1979இல் சர்வதேசத் திமிங்கிலப் பிடிப்பு ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலக் காப்பிடமாக அறிவித்தது. அதன் பின், 1980களின் தொடக்கத்தில், டூலிப் என்ற சிறு பாய்மரப் படகில் வைட்ஹெட்டும் துணைவர்களும் இலங்கைக் கடல்களில், திருகோணமலைக்கு அப்பாலும், எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கொல்லாமல் பின்தொடர்ந்து, அவற்றின் ஒலியைக் கேட்டு, குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். இலங்கைக்கு அருகே ஓர் எண்ணெய்த் திமிங்கிலம் குட்டி ஈன்றதைக் கண்டு பதிவு செய்ததும் அந்தக் குழுதான். முந்தைய நூற்றாண்டின் மாலுமிகளைப் போலவே இவர்களும் பாய் விரித்துத் திமிங்கிலத்தைத் தேடினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள். ஆனால் இவர்கள் எழுதியதில் பீப்பாய்க்கான கட்டம் இல்லை. ஒரே உயிரைப் பற்றி இரண்டு வகைக் குறிப்பேடு எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மறுபடி ஆட்டத்துக்கு வருவோம். ஆட்டங்களைப் பற்றிச் சிந்திப்பவர்களில் முக்கியமானவர் இயன் பொகோஸ்ட். வீடியோ கேமின் வாதம் அதன் கதையிலோ படத்திலோ மட்டும் இல்லை, அதன் விதிகளில் இருக்கிறது என்பது 2007இல் வந்த தம் நூலில் அவர் முன்வைத்த கருத்து. திமிங்கில வேட்டை ஆட்டங்களை அந்தக் கண்ணால் பாருங்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்' ஆட்டத்தில் ஒரு கடற்கொள்ளையன் சிறு படகிலிருந்து திமிங்கிலத்தை ஈட்டியால் கொல்கிறான், கிடைப்பதைக் கொண்டு தன் தளவாடங்களை மேம்படுத்துகிறான். விலங்குநல அமைப்பான பீட்டா அதைக் கண்டித்தது. வேட்டையைக் காட்டியதற்காக நான் அந்த ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேட்டைக்குப் பின்னால் இருந்த சந்தையை, கூலியை, விளக்கை, ஆலையைக் காட்டாமல், வீரத்தை மட்டும் காட்டியதே அதன் குறை. 'நான்டக்கெட்' அதைவிட ஆழமானது. அது கப்பலின் வரவு செலவை நம் தோளில் ஏற்றுகிறது. 'நியூ பெட்ஃபோர்டு' என்ற பலகை ஆட்டம் ஒன்றும் உண்டு. அதில் கடலைக் குறிக்கும் பையிலிருந்து திமிங்கில வில்லைகளை எடுக்க வேண்டும். எடுத்த திமிங்கிலம் பைக்குத் திரும்பாது. வெறும் கடல் வில்லை திரும்பும். ஆட்டம் நீள நீளக் கை வெறுங்கடலையே எடுக்கும். எந்தப் பிரசங்கமும் இல்லாமல், அந்த ஒரு விதி பேரழிவின் வடிவத்தை விரல் நுனியில் உணர்த்திவிடுகிறது.

நான் எதிர்பார்க்கும் ஆட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போக வேண்டும். திமிங்கிலங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று ஒரு குடும்பத்தைத் தாக்கினால், அடுத்த பருவத்தில் அந்தக் கடல் முழுவதும் காற்றுக்கு எதிரே விலகிப் போக வேண்டும். மாலுமியின் பங்கைக் கரையில் எண்ணிக் கொடுக்கும் காட்சி இருக்க வேண்டும். கழித்தது போக அவன் கையில் என்ன மிஞ்சியது என்று நாம் பார்க்க வேண்டும். இவை எவையும் கற்பனை விதிகள் அல்ல. எல்லாம் ஆவணத்தில் உள்ளவை.

இன்னொரு விதியையும் திருத்த வேண்டியிருக்கிறது. அது நம் பொதுப்புத்தியில் உள்ளது: நிலத்தடி எண்ணெய் கிடைத்ததும் திமிங்கிலங்கள் பிழைத்தன என்பது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்குகளைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பழைய வேட்டைக் கப்பல்கள் கல் ஏற்றி, சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலை அடைப்பதற்காக மூழ்கடிக்கப்பட்டன. 1865இல் ஷெனண்டோவா என்ற தெற்கத்தியப் போர்க்கப்பல் பெரிங் கடலில் வேட்டைக் கப்பல்கள் பலவற்றை எரித்தது. 1871இல் அலாஸ்காவின் வடகரையில் 33 கப்பல்கள் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டன. 1,219 பேரும் உயிரோடு மீண்டார்கள், கப்பல்களில் பெரும்பாலானவை மீளவில்லை. நியூ பெட்ஃபோர்டின் காலம் இப்படித்தான் சரிந்தது.

ஆனால் திமிங்கிலத்தின் துயரம் அத்தோடு முடியவில்லை. 1870ஆம் ஆண்டளவில் நார்வேயின் ஸ்வென் ஃபோயின், வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையை நிலைநிறுத்தினார். நீராவிக் கப்பலும் சேர்ந்துகொண்டது. காற்றுக்கு எதிரே ஓடித் தப்பக் கற்ற திமிங்கிலத்தின் பாடம் அன்றோடு பயனற்றுப் போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாய்க்கப்பல்கள் கொன்ற எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 3 லட்சம். 1962க்கும் 1972க்கும் இடைப்பட்ட பத்தே ஆண்டுகளில் அதே அளவு கொல்லப்பட்டன. அந்த நூற்றாண்டில் கொல்லப்பட்ட பல இனத் திமிங்கிலங்கள் செயற்கை வெண்ணெய்க்கும் சோப்புக்கும் இயந்திர மசகுக்கும் போயின. புதிய எரிபொருள் பழைய பேராசையைத் தணிக்கவில்லை. அதற்கு வேறு வேலைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. திமிங்கிலங்களைக் காப்பாற்றியது, மனிதர்கள் கூடி எடுத்த ஒரு முடிவு. 1982இல் சர்வதேச ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது; 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கேட்டுக்கு வெளியே இருந்து யாரோ "போதும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. கணக்கேடு தானாக அதைச் சொல்லாது.

மாணவர்களே, இதெல்லாம் எப்போதோ முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2007இல் அலாஸ்காவின் பூர்வகுடி வேட்டையாளர்களுக்கு ஒரு போஹெட் திமிங்கிலம் கிடைத்தது. அதன் தோளெலும்புப் பகுதியில், நியூ பெட்ஃபோர்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட ஒரு வெடியீட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த உயிர் அந்த உலோகத்தோடு நீந்தியிருக்கிறது. போஹெட் இருநூறு ஆண்டு வரை வாழக்கூடியது. மெல்வில் நாவல் எழுதிய காலத்தில் பிறந்த திமிங்கிலம் ஒன்று ஆர்க்டிக் கடலில் இன்றும் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு.

ஆகவே ஆடுங்கள் என்றே சொல்கிறேன். பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இது: இத்தகைய ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுங்கள். ஆடி முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆட்டம் எதையெல்லாம் எண்ணுகிறது? எதை எண்ணாமல் விட்டது? எண்ணாமல் விட்டதையும் எண்ணத் தொடங்கினால், நாம் எடுத்த முடிவுகளில் எது மாறியிருக்கும்? அதன் பிறகு அந்தப் பழைய நாட்குறிப்பேடுகளைத் திறந்து பாருங்கள். பல குறிப்பேடுகள் இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. கொன்றதைக் குறித்த முத்திரைகளுக்கு இடையே, தப்பியதைக் குறித்த வால் முத்திரைகளையும் தேடிப் படியுங்கள்.

நாம் வாழும் காலத்திலும் விளக்குகள் எரிகின்றன, ஆலைகள் ஓடுகின்றன, யாரோ எங்கோ கணக்கெழுதுகிறார்கள். அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவற்றில் நமக்கும் 175இல் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை வாங்கும் முன், கணக்கில் சேராதவர்கள் யார், சேராத உயிர்கள் எவை என்று கேட்கும் பழக்கத்தை ஒரு விளையாட்டு நமக்குத் தர முடியுமானால், அது நல்ல வரலாற்று ஆசிரியர் செய்யும் பணிக்குச் சமமானது. அந்தப் பழக்கத்தோடு ஆடும் ஒரு தலைமுறை நம்மிடையே உருவாக வேண்டும் என்பதே என் விருப்பம்.